அந்த நீலம் நிஜம்தான்!

மொரைன் ஏரியின் படத்தைக் காட்டினால் பத்தில் எட்டுப் பேர் கேட்கிற முதல் கேள்வி, "கலரைக் கொஞ்சம் ஏத்திட்டாங்களோ?" சத்தியமாக இல்லை. நேரில் பார்த்தவன் சொல்கிறேன், எந்தக் கேமராவுக்கும் அந்த நீலம் முழுசாகப் பிடிபடவில்லை.

கனடாவின் ராக்கி மலைகளில், பான்ஃப் தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது இந்த ஏரி. 1885-இல் பிறந்த பான்ஃப்தான் அந்த நாட்டின் முதல் தேசியப் பூங்கா. லேக் லூயிஸ் என்ற சின்ன ஊரிலிருந்து மலைச்சாலையில் 14 கிலோமீட்டர். கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,880 மீட்டர் உயரம். ஏரியைச் சுற்றிப் பத்துச் சிகரங்கள் தோளோடு தோள் உரச நிற்கின்றன. கனடாக்காரர்களுக்கு இந்தக் காட்சி மனப்பாடம். 1969 வரிசை 20 டாலர் நோட்டின் பின்பக்கத்தில் அச்சிட்டிருந்தார்கள். பச்சை மையில் அச்சடித்ததை மட்டும் என்னால் மன்னிக்கவே முடியாது!

விடியற்காலைப் பேருந்தைப் பிடியுங்கள். இருட்டும் குளிரும் விரல் நுனியைக் கடிக்கும், பரவாயில்லை. இறங்கியதும் கரையில் நின்றுவிடாமல், ஏரியின் வாயில் குவிந்து கிடக்கும் பாறைக்குன்றின் மேல் ஏறுங்கள். பக்கத்து மலையிலிருந்து சரிந்து விழுந்த பாறைகள்தான் ஏரியை இப்படி அடைத்து நிற்கின்றன என்கிறார்கள். பாதை இருக்கிறது, படிகளும் இருக்கின்றன. நிதானமாக ஏறினாலும் கால் மணி நேரத்தில் உச்சி.

அங்கே உட்கார்ந்து காத்திருக்க வேண்டும். முதலில் சிகரங்களின் உச்சியில் மட்டும் இளஞ்சிவப்பு. அது பொன்னாகி, மெல்ல மெல்லக் கீழே இறங்கும். ஏரி அதுவரை சாம்பல் நிறத்தில் ஒன்றும் தெரியாததுபோலக் கிடக்கும். சூரிய உதயத்தைப் படம் எடுத்துக்கொண்டதும் பாதிப் பேர் கிளம்பிவிடுகிறார்கள், பாவம்! வெயில் தண்ணீரைத் தொடும்போதுதானே விஷயமே ஆரம்பிக்கிறது! ஒரு ஓரத்தில் மயில்கழுத்து நிறம் தெரிகிறது. அது அகலமாகி, பளீரென்று ஏரி முழுக்கப் பரவுகிறது. எனக்குப் பேச்சே வரவில்லை.

இந்த நிறத்துக்குக் காரணம் பனியாறுகள். மேலே பனியாறு நகரும்போது அடியில் இருக்கும் பாறையை அரைத்துத் தள்ளுகிறது. முகப் பவுடர் போன்ற அந்த மாவு உருகிய நீரோடு ஏரிக்கு வந்து, அடியில் படியாமல் மிதக்கிறது. சிவப்பு ஒளியைத் தண்ணீர் விழுங்கிவிட, நீலத்தையும் பச்சையையும் இந்தத் துகள்கள் நம் கண்ணுக்குத் திருப்பி அனுப்புகின்றன. இறங்கி வந்து ஒரு கை அள்ளிப் பார்த்தேன். உள்ளங்கையில் வெறும் தண்ணீர்! நிறம் எங்கே போனதோ! ஐஸ்கட்டிக் குளிர் மட்டும் எலும்பு வரை ஏறியது.

பாறை இடுக்குகளில் "ஈப்" என்று ஒரு சத்தம் கேட்டால் அசையாமல் நில்லுங்கள். பைக்கா. கைக்குள் அடங்கிவிடும், முயலின் சொந்தக்காரன். வாய் கொள்ளாமல் புல்லைக் கவ்விக்கொண்டு ஓடுகிறது, குளிர்காலத்துக்குச் சேமிப்பாம். நான் பார்த்தது ஒரு நொடி நின்று முறைத்துவிட்டுத்தான் போனது. உண்பதற்கு எதையும் போட்டுவிடாதீர்கள், பூங்காவில் அது குற்றம்.

படகு வாடகைக்குக் கிடைக்கிறது, விலை மயக்கம் போட வைக்கும். என்னைக் கேட்டால், பாறைக்குன்று இலவசம், அதுதான் உசத்தி. நடக்கத் தெம்பு இருந்தால் லார்ச் பள்ளத்தாக்குக்கு ஏறுங்கள். செப்டம்பர் கடைசியில் அங்குள்ள லார்ச் மரங்களின் ஊசியிலைகள் மொத்தமும் தங்கமாகிவிடும். கரடி நடமாட்டம் இருக்கும் நாட்களில் நான்கு பேராகச் சேர்ந்துதான் போக வேண்டும் என்று அறிவித்துவிடுவார்கள். கேளுங்கள், விளையாட்டு இல்லை. லேக் லூயிஸ் ஏரியும் அழகுதான், ஆனால் இரண்டில் ஒன்று என்றால் என் ஓட்டு மொரைனுக்கே.

சாலை ஜூன் தொடக்கம் முதல் அக்டோபர் நடு வரைதான் திறந்திருக்கும். ஜூன் முதல் வாரத்தில் போகாதீர்கள். ஏரி நிறைந்திருக்காது, பனியும் மிச்சமிருக்கும். ஜூலை அருமை. 2023 முதல் சொந்தக் காருக்கு அனுமதி கிடையாது, பேருந்துக்கு முன்பதிவு கட்டாயம். இடம் தீர்ந்துவிட்டது என்று சோர்ந்துவிடாதீர்கள்: பயணத்துக்கு 2 நாள் முன்பு, அந்த ஊர் நேரப்படி காலை 8 மணிக்கு, இன்னொரு பங்கு இருக்கைகளைத் திறக்கிறார்கள். அலாரம் வைத்து எழுந்து பதிவு செய்யுங்கள்.