சுழலும் தட்டுகள்: கொங்கு நாட்டு இசைத்தட்டு ரசனையும் அதன் மரபுகளும்

1902 நவம்பரில் கல்கத்தாவில் கௌஹர் ஜான் இசைத்தட்டுக்காகப் பாடினார். பாட்டு முடிந்ததும் தன் பெயரையும் உரக்கச் சொன்னார். தட்டு அச்சானது ஜெர்மனியின் ஹனோவரில். அது யாருடைய குரல் என்று அங்கிருந்த தொழிலாளிக்குத் தெரிய வேண்டியிருந்தது. பாடியவர் இன்னார் என்று சொல்லும் வழக்கம் அப்படி இந்திய இசைத்தட்டோடு சேர்ந்தே பிறந்தது. "இன்னைக்கு என்னங்க தட்டு ஓடுது?" என்று கோவை, ஈரோடு, திருப்பூர் ரசிகர்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளும்போது அந்த வழக்கம்தான் தொடர்கிறது. வீட்டில் கேட்பதைப் பிறரோடு பகிர்ந்துகொள்ளும் இந்த ரசனைக்குக் கொங்கு மண்ணில் நான்கு மரபுகள் உண்டு. நான்குக்கும் பொதுவான அளவுகோல்களும் உண்டு.

முதலாவது அரக்குத் தட்டு மரபு. நிமிடத்துக்கு 78 சுற்று, ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடச் சொச்சம். சாவி கொடுத்தால் ஓடும் கிராமபோனுக்கு மின்சாரமே தேவையில்லை என்பதால் தோட்டத்து வீடுகளிலும் அது பாடியது. இம்மரபின் தலைமகள் கொடுமுடியில் 1908இல் பிறந்த கே.பி. சுந்தராம்பாள். நாடக மேடையை நிறைத்த அந்தக் குரல் பேசும் படம் பரவும் முன்பே தட்டில் ஏறிவிட்டது. அடுத்து வந்தவை நம் ஊர்ப் படப்பாட்டுகள். எம்.கே. தியாகராஜ பாகவதரின் 'ஹரிதாஸ்' (1944) உருவானது கோவை சிங்காநல்லூர் சென்ட்ரல் ஸ்டூடியோவில். டி.எம். சௌந்தரராஜன் பாடிய முதல் படமான 'கிருஷ்ண விஜயம்' (1950) உருவானதும் அங்கேதான். எம்.ஜி.ஆர். நடித்த 'மலைக்கள்ளன்' (1954) புலியகுளம் பட்சிராஜா ஸ்டூடியோ தந்தது. பின்னிரண்டு படங்களுக்கும் இசை எஸ்.எம். சுப்பையா நாயுடு. படத்துக்குப் பாடியதைத் தட்டுக்காக மறுபடி பாடிக் கொடுப்பது 1930, 40களில் பரவலாக இருந்த வழக்கம். எனவே படத்தில் கேட்பதும் தட்டில் கேட்பதும் பல நேரம் வேறுவேறு பதிவுகள். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டு, எங்கே சங்கதி கூடியது, எங்கே நேரத்துக்காகச் சரணம் குறைந்தது என்று பிரித்துச் சொல்வதுதான் இந்த மரபினரின் தேர்ச்சி.

இரண்டாவது மைக் செட் மரபு. நோம்பி (கோயில் திருவிழா) சாட்டிவிட்டால் மரத்தில் குழாய் ஒலிபெருக்கி ஏறிவிடும். முதலில் சீர்காழி கோவிந்தராஜனின் பிள்ளையார் பாட்டு, பிறகு டி.எம்.எஸ்ஸின் முருகன் பாட்டு, அதற்குப் பின்னரே சினிமாப் பாட்டு. இந்த வரிசையை யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனாலும் ஊருக்கே தெரியும். கல்யாண வீட்டில் சீர்த்தட்டு வரும் நேரத்துக்கு ஒரு பாட்டு, தாலி கட்டும் நேரத்துக்கு நாகஸ்வரம். சோகப் பாட்டைத் தவறியும் போட மாட்டார் செட் போடுபவர். 1963இல் எல்.பி. எனும் நெடுந்தட்டாக வந்த எம்.எஸ். சுப்புலட்சுமியின் வேங்கடேச சுப்ரபாதமும், சூலமங்கலம் சகோதரிகளின் கந்த சஷ்டி கவசமும் விடியற்காலைக்கு உரியவை. சென்னிமலையில் அரங்கேறியதாகச் சொல்லப்படும் கவசம் என்பதால் கொங்கு மக்களுக்கு அதில் தனி உரிமை. வேளையறிந்து போடுவதே இந்த மரபின் உயர்ந்த இலக்கணம்.

மூன்றாவது கதை வசனத் தட்டு மரபு. 'திருவிளையாடல்' (1965) போன்ற படங்களின் வசனத் தட்டுகளை ஒலிபெருக்கியில் கேட்டே மனப்பாடம் செய்தவர்கள் ஊர்தோறும் இருந்தார்கள். சிவாஜி மூச்சு விடும் இடமும் நாகேஷ் குரல் உடையும் இடமும் அவர்களுக்கு அத்துப்படி. தமிழ் உச்சரிப்புக்கு இத்தட்டுகள் ஆற்றிய பணி இன்னும் போதிய அளவு பேசப்படவில்லை.

நான்காவது ஸ்டீரியோ எல்.பி. மரபு. இளையராஜா இசையமைத்த முதல் படமான 'அன்னக்கிளி' (1976) எடுக்கப்பட்டது பவானிசாகருக்கு அப்பால் காட்டுக்குள் இருக்கும் தெங்குமரஹாடாவில். அவருடைய 'ப்ரியா' (1978) ஸ்டீரியோவுக்குப் பேர்போனது. அவருடைய 'ஹௌ டு நேம் இட்?' (1986) பாடலே இல்லாத வாத்திய இசைத் தொகுப்பு. பேஸ் கிதார் போகும் தடத்தையும், வயலின்கள் இடமிருந்து வலம் நகர்வதையும் இந்த மரபினர் காதால் பின்தொடர்கிறார்கள். எந்த நிறுவனத்தின் தட்டு, எந்தப் பிரஸ்ஸிங் என்பதும் இவர்களுக்கு முக்கியம்.

பொது அளவுகோல்களில் முதன்மையானது வேகம். சுழற்சி நூற்றுக்கு ஆறு பங்கு குறைந்தால் சுருதி ஏறக்குறைய ஒரு ஸ்வரஸ்தானம் இறங்கிவிடும்; சுந்தராம்பாளின் உச்ச ஸ்தாயி அங்கேயே வாடிப்போகும். எல்.பி.யின் வேகத்தைச் சோதிக்க, 180 கோடுகள் அச்சிட்ட ஸ்ட்ரோப் அட்டையைத் தட்டின் மேல் வைத்து, பழைய சோக் டியூப்லைட் வெளிச்சத்தில் பாருங்கள். நம் ஊர் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில், வேகம் சரியாக 33⅓ ஆக இருந்தால் கோடுகள் அசையாமல் நிற்கும். முன்னே நகர்ந்தால் வேகம் அதிகம், பின்னே நகர்ந்தால் குறைவு.

அடுத்தது ஊசி. கிராமபோனின் எஃகு ஊசி ஒரு பக்கத்துக்கு ஒன்று. மின்சாரப் பிளேயரில் அரக்குத் தட்டைப் போடுவதானால் அதன் அகன்ற பள்ளத்துக்கென்று தனி ஊசி வேண்டும், எல்.பி. ஊசி அடியில் போய் உரசி இரைச்சலைத்தான் எடுக்கும். மூன்றாவது சுத்தம். வினைல் தட்டுக்குச் சிலர் பயன்படுத்தும் ஸ்பிரிட்டை அரக்குத் தட்டில் தொட்டும் வைக்கக் கூடாது, அரக்கு கரைந்துவிடும்.

நான்காவது அளவுகோல் பகிர்வுக்கே உரியது. தட்டின் பெயரோடு பாடியவர், இசையமைத்தவர், கம்பெனி, பள்ளம் முடியும் வெற்றிடத்தில் பொறித்திருக்கும் எண், எந்தப் பக்கம் கேட்டோம், எங்கே கீறல் என்பதெல்லாம் சேர்த்துச் சொல்ல வேண்டும். அப்படிச் சொன்னால்தான் கேட்டவர் தன்னிடமுள்ள தட்டோடு ஒப்பிட முடியும். பெட்டிக்குள் பூட்டிய அபூர்வத் தட்டைவிட, நாலு பேர் கேட்கப் போட்டு, விவரமும் சொல்லப்பட்ட சாதாரணத் தட்டால் இசை வரலாற்றுக்குப் பயன் அதிகம்.

சிங்காநல்லூரிலும் புலியகுளத்திலும் படப்பிடிப்பு நின்று பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. அங்கே பிறந்த பாட்டுகளுக்கு இனி சாட்சி நம் வீட்டுப் பரண்களில் இருக்கும் தட்டுகளே. இதை வாசிக்கும் ஒவ்வொரு குடும்பமும் தன்னிடமுள்ள தட்டுகளின் விவரங்களை ஒரு நோட்டில் எழுதிவைக்க வேண்டும். மாதம் ஒரு மாலையாவது அக்கம்பக்கத்தாரை அழைத்து அவற்றைப் போட்டுக் காட்ட வேண்டும். கொங்கு நாட்டு இசைத்தட்டுப் பட்டியல் ஒன்று உருவாக இதைவிட நல்ல வழி இல்லை.