அழுக்குக்கு இடம் கொடுக்கும் துணி

கறுப்புக் கார் ஒன்றின் பானெட்டை மாலை வெயிலில் சற்றுச் சாய்வாகப் பாருங்கள். சூரியனின் பிம்பத்தைச் சுற்றி மெல்லிய கோடுகள் வட்டம் வட்டமாகத் தெரியும். கூர்ந்து பார்த்தால் அவை வட்டங்களே இல்லை; எல்லாத் திசையிலும் ஓடும் பொடிக் கீறல்கள். ஒளிக்குக் குறுக்கே கிடக்கும் கீறல் மட்டும் மின்னுவதால் நம் கண்ணில் வட்டமாகச் சேர்ந்துவிடுகின்றன. டீட்டெய்லிங் கடைக்காரர்கள் இதை ‘ஸ்வர்ல் மார்க்’ என்பார்கள். வண்டி பழசாகிவிட்டது, வெயிலில் நின்று மங்கிவிட்டது என்று நாம் சொல்லிக்கொள்ளும் பல வண்டிகளில் மங்கலுக்குக் காரணம் இந்தக் கீறல்கள்தாம். யாரும் வேண்டுமென்று போட்டதில்லை. அன்றாடம் அக்கறையாகத் துடைத்ததில் விழுந்தவை.

காரின் நிறத்துக்கு மேலே நிறமில்லாத பூச்சு ஒன்று இருக்கிறது. ‘கிளியர் கோட்’ என்று பெயர். பளபளப்பு முழுவதும் அதில்தான். அதன் கனம் பெரும்பாலான வண்டிகளில் 40 முதல் 50 மைக்ரான். சராசரித் தலைமுடி ஒன்றின் கனம்கூட இல்லை. தெருத்தூசியிலோ குவார்ட்ஸ் கலந்திருக்கிறது. தாதுக்களின் கடினத்தைச் சொல்லும் மோஸ் அளவையில் அது 7, கண்ணாடியையே கீறிவிடும். போதாததற்கு இப்போது எங்கே கட்டடம் எழும்பினாலும் எம்-சாண்ட்தான். ஆற்று மணல் நீரில் உருண்டு மழுங்கியது. எம்-சாண்ட் கல்லை உடைத்துச் செய்தது, அதன் முனைகள் அப்படியே இருக்கும். பக்கத்து மனையில் வேலை நடந்தால் அந்தப் பொடி உங்கள் காரின் மேல்தான் வந்து உட்காரும். அதை உலர்ந்த துணியாலோ இறகுத் துடைப்பத்தாலோ ஓர் இழுப்பு இழுத்தால் போதும், வேலை முடிந்தது. மார்கழிப் பனி படிந்த காரை ஈரம்தான் இருக்கிறதே என்று காலையில் வழித்தெடுப்பதும் இதே கதைதான். அந்த ஈரத்துக்கு மணலைத் தூக்கிக் கழுவும் அளவு இல்லை.

விழுந்த கீறலைப் போக்க பாலிஷ் போடுவார்கள். கீறலின் அடிவரை சுற்றியுள்ள பூச்சையும் சேர்த்துத் தேய்த்து எடுப்பதுதான் பாலிஷ். இருப்பதே 50 மைக்ரானுக்குள் என்றால் எத்தனை முறை எடுக்க முடியும்?

ஆகவே கார் துடைக்கும் துணியைப் பார்க்கும்போது நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: பெயின்ட்டிலிருந்து கிளம்பிய மணல் இந்தத் துணிக்குள் எங்கே போய் ஒளியும்? மென்மை இரண்டாம் பட்சம். கன்னத்தில் வைத்தால் இதமாக இருக்கிற துணியும், மணலைத் தன் முகப்பிலேயே தாங்கிக்கொண்டால் கீறத்தான் செய்யும். துணிக்கு ஆழம் வேண்டும்.

இந்த அளவுகோலில் நம்மூர்ப் பழக்கங்கள் பல தேறாது. சிக்னலில் விற்கும் மஞ்சள் துணி தட்டையானது. மணல் உள்ளே போக வழியில்லை. திருப்பூர்ப் பனியன் வேஸ்ட் மெக்கானிக் கடைக்கு அருமையான பொருள், கிரீஸ் துடைக்க அதை மிஞ்ச ஏதும் கிடையாது. பெயின்ட் பக்கம் மட்டும் அதை விடக் கூடாது. ஓரத்தில் தையல் இருக்கும், சில துண்டுகளில் அச்சடித்த படத்தின் பிசின் ஒட்டியிருக்கும். டர்க்கி டவலில் கண்ணிகள் உண்டு என்பதால் அது ஒரு படி மேல். ஆனால் வீட்டில் துவைத்துத் துவைத்துக் கண்ணி விறைத்துப் போன பிறகுதானே அது காருக்கு வருகிறது? ஷாமோய் தோலைப் பற்றிச் சற்று மரியாதையாகவே பேச வேண்டும். ஒரு காலத்தில் ஆல்ப்ஸ் மலை ஆட்டின் தோல். இன்று கடையில் கிடைக்கும் அசல் தோல் பெரும்பாலும் மீன் எண்ணெயில் பதனிட்ட செம்மறித் தோல். தண்ணீரை அது இழுக்கும் விதமும், நனைந்ததும் கையில் குழைந்து வரும் விதமும் எனக்கு இன்றும் பிடிக்கும். முகம்தான் வழுவழுப்பு. கழுவும்போது தப்பிய மணல் ஒன்று அதன் அடியில் சிக்கினால் கதவின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை கோடு இழுத்துக்கொண்டே போகும்.

மைக்ரோஃபைபரின் அருமை இங்கேதான் புரியும். 1970-இல் ஜப்பானின் டோரே நிறுவனத்தில் மியோஷி ஒகமோட்டோ என்ற அறிவியலாளர் மிக நுண்ணிய இழைகளைக் கொண்டு ஸ்வேட் தோலின் தொடுகையுள்ள துணியை உருவாக்கினார். நுண்ணிழை துடைக்கும் துணியாக வீடுகளுக்கு வந்தது அதற்குப் பிறகு. 9,000 மீட்டர் இழையின் எடை 1 கிராம் என்றால் அது 1 டெனியர். மைக்ரோஃபைபர் அதற்கும் கீழே, பட்டிழையைவிட மெலிது. துடைக்கும் துணிக்கான இழையில் பாலியெஸ்டரும் நைலான் குடும்பத்துப் பாலியமைடும் சேர்ந்திருக்கும், 80-க்கு 20 அல்லது 70-க்கு 30 என்ற கணக்கில். இழையைக் குறுக்கே வெட்டிப் பெரிதாக்கிப் பார்த்தால் நடுவே நட்சத்திரமாகப் பாலியமைடு, அதன் கைகளுக்கு நடுவே ஆப்பு ஆப்பாகப் பாலியெஸ்டர். இந்த இரண்டையும் பிறகு பிளந்து பிரிக்கிறார்கள். பிளவில் பிறக்கும் இடுக்குகள்தாம் துணியின் உயிர். தண்ணீர் ஏறுவதும் தூசி போய்த் தங்குவதும் அங்கேதான். பிளக்காத இழையில் செய்த துணியும் அதே பெயரில், அதே நிறங்களில், மலிவாகக் கடையில் தொங்குகிறது.

பிரித்தறிவது கடினமில்லை. மேசைமேல் சிறிது தண்ணீர் ஊற்றித் துணியை அதன்மேல் ஓட்டுங்கள். பிளந்த இழை குடித்துவிடும். பிளக்காதது தண்ணீரைத் தன் முன்னால் தள்ளிக்கொண்டு போகும். உள்ளங்கையால் தடவினால் நல்ல துணி தோலின் சொரசொரப்பை மெல்லப் பற்றும். அந்தப் பற்றுதல் சிலருக்குக் கூசும். எனக்கோ கடையில் நின்று திரும்பத் திரும்பத் தடவிப் பார்க்கத் தோன்றும். சென்னை ஜெனரல் பாட்டர்ஸ் சாலையில் கார் சாமான் கடைகள் வரிசையாக இருக்கின்றன. அங்கே துணியை உறையிலிருந்து எடுத்துக் காட்டாத கடையில் நான் வாங்குவதில்லை.

உறைமேல் எழுதியிருக்கும் ஜிஎஸ்எம் ஒரு சதுர மீட்டர்த் துணியின் எடையைக் கிராமில் சொல்வது. உட்புறத்துக்கும் மெழுகு துடைக்கவும் 300 முதல் 400 போதும், வெளிப் பெயின்ட்டுக்கு 500-ஐ ஒட்டி, உலர்த்தும் துண்டுக்கு 800-க்கு மேல் என்று வைத்துக்கொள்ளலாம். எண்ணை மட்டும் நம்பி ஏமாற வேண்டாம். நெருக்கி அடித்த தட்டைத் துணிக்கும் எடை வரும். விரலால் இழைகளை விலக்கிப் பாருங்கள்: அடித்துணி தெரிவதற்குள் விரல் எவ்வளவு தூரம் இறங்குகிறது? அதுதான் நீங்கள் காசு கொடுத்து வாங்கும் ஆழம். அடுத்து ஓரம். கெட்டியாக மடித்துத் தைத்த ஓரம் துணியின் மற்ற எல்லா நல்ல குணத்தையும் கெடுத்துவிடும். தையலே இல்லாமல் மீயொலியால் வெட்டிய ஓரம் உத்தமம். லேபிள் இருந்தால் வீட்டுக்கு வந்ததும் பிரித்துவிடுங்கள். சந்தேகமாக இருந்தால் பழைய சிடி ஒன்றின் மின்னும் பக்கத்தில் ஓரத்தை நாலு தரம் தேய்த்து விளக்கொளியில் பாருங்கள். கீறல் விழுந்தால் அந்தத் துணி டயருக்குப் போகட்டும்.

கழுவும்போது துணியைவிடக் கையுறை மேல். புழுப்புழுவாகத் தொங்கும் ஷெனில் மைக்ரோஃபைபர் ஒரு வகை, செம்மறிக் கம்பளிக் கையுறை இன்னொரு வகை. கம்பளி விலை அதிகம், சீக்கிரம் தேயும், காய்வதற்கு நேரம் பிடிக்கும். ஆனாலும் ஷாம்பு நுரையில் ஊறிய கம்பளியைப் பெயின்ட்டின் மேல் அழுத்தாமல், அதன் எடையாலேயே ஓடவிடும் சுகம் வேறெதிலும் இல்லை. அந்த நீண்ட மயிரின் வேருக்குள் மணல் போய்விடுகிறது. ஸ்பாஞ்சில் மணலுக்கு அப்படிப் போக இடமில்லை.

உள்ளே போன மணல் வெளியே வர வேண்டுமே, அதற்குத்தான் இரண்டு வாளி. ஒன்றில் ஷாம்பு, மற்றதில் வெறும் தண்ணீர். ஒவ்வொரு கதவு முடிந்ததும் கையுறையை வெறும் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் ஷாம்புக்குப் போக வேண்டும். அரிசி அரிக்கும்போது கல் அடியில் தங்கி அரிசி மட்டும் மேலேறி வருகிறதல்லவா, அந்த நிதானம் இந்த வாளியிலும் வேண்டும்; கையை அடிவரை விட்டுக் கலக்கினால் தங்கிய மணல் திரும்பக் கையுறைக்கே வரும். வாளியின் அடியில் போடும் பிளாஸ்டிக் சல்லடைத் தட்டு ஒன்று விற்கிறார்கள். வாங்கத் தகுந்தது. ஷாம்பு காருக்கென்று செய்த, அமிலமோ காரமோ தூக்கலாக இல்லாத வகையாக இருக்கட்டும். பாத்திரம் கழுவும் திரவம் எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கச் செய்தது. பெயின்ட் மேலிருக்கும் மெழுகையும் அது எடுத்துவிடும்.

கையுறை தொடுவதற்கு முன்னால் நிறையத் தண்ணீர் அடித்து, உதிரக்கூடியதை உதிரவிடுங்கள். தொடாமல் போகும் மணல் கீறாது. மேலிருந்து கீழே வாருங்கள், கதவின் அடிப்பகுதியும் பம்பரும் கடைசி. கையை நேர்கோட்டில் ஓட்டுங்கள். சக்கரத்துக்குத் தனிக் கையுறை, தனி வாளி. பிரேக்கிலிருந்து உதிரும் இரும்புத் துகள் அங்கே இருக்கிறது.

சென்னையில் தண்ணீரே ஒரு விஷயம். போர் தண்ணீரின் உப்பு காய்ந்ததும் வெள்ளை வட்டமாக நிற்கும், அதைச் சுரண்டப் போய்க் கீறல் விழும். ஆர்ஓ இயந்திரம் கழித்துவிடும் தண்ணீரைச் சேமித்துக் கார் கழுவுகிறவர்கள் உண்டு. சிக்கனம் நல்லதுதான், ஆனால் அதில் உப்பு இன்னும் கூடுதல். முதல் அலசலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பு அநேகமாக இல்லை. சுத்தமான குடத்தில் பிடித்து, துணியால் வடிகட்டிக் கடைசி அலசலுக்கு வைத்துக்கொண்டால் அருமையாக உதவும்.

உலர்த்தும் துண்டுகளில் என் வாக்கு முறுக்குக் கண்ணித் துண்டுக்கே. நனைந்ததும் கனத்துப் போகும், பானெட்டின் மேல் விரித்து இரண்டு முனையைப் பிடித்து மெல்ல இழுத்தால் ஒரு சொட்டு மிச்சமில்லாமல் வந்துவிடும். தேய்க்க வேண்டிய அவசியமே இல்லை. சின்னத் துண்டானால் இரண்டாக மடித்து மறுபடி மடியுங்கள், எட்டு முகம் கிடைக்கும். அழுக்கான முகத்தைத் திருப்பிக்கொண்டே போகலாம். கீழே விழுந்த துண்டு, துவைக்கும்வரை பெயின்ட்டைத் தொடக் கூடாது. இதில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

துவைக்கும்போது பருத்தித் துணிகளோடு போட வேண்டாம், பஞ்சு ஒட்டிக்கொள்ளும். கம்ஃபர்ட் வகைத் திரவம் ஊற்றினால் அது இழைமேல் படிந்து இடுக்குகளை அடைத்துவிடும். கொதிநீரும் இஸ்திரிப் பெட்டியும் ஆகாது. மொட்டைமாடிச் சுவரில் போடாமல் நிழலில் கொடியில் காயவிட்டு, மூடிய டப்பாவில் வையுங்கள்.

அடுக்குமாடிகளில் விடியற்காலையில் ஒரு வாளியும் ஒரு துணியுமாகப் பல வண்டிகளைத் துடைக்கிறவரைக் குறை சொல்வதில் நியாயம் இல்லை. எல்லா வண்டியின் மணலும் அந்த ஒரே துணியில் இருக்கிறது என்பது உண்மை. வேறு துணி கொடுக்காதது நாம். ஒரு கையுறை, ஒரு பெரிய உலர்த்தும் துண்டு, நாலைந்து சின்னத் துண்டுகள், இன்னொரு வாளி வாங்கி அவரிடம் கொடுங்கள். “அண்ணே, தினமும் துடைக்க வேண்டாம், வாரம் ஒரு தரம் நிதானமாகக் கழுவினால் போதும், மாதக் காசு அதேதான்” என்றும் சொல்லிவிடுங்கள்.