நிட்டிங் கம்பெனிக்குப் பக்கத்து வீட்டில் மூன்று கண்டென்சர் மைக்குகள்

மைக் விமர்சன வீடியோக்களில் பெரும்பாலானவை சத்தம் அடைத்த அறைக்குள் எடுக்கப்படுகின்றன. திருப்பூரில் அப்படி ஓர் அறை யாருக்கு வாய்க்கிறது? சுவருக்கு அந்தப் பக்கம் நிட்டிங் மிஷின் சுற்றும், மாடியில் ஓவர்லாக் ஓடும், கரண்ட் போனால் ஜெனரேட்டர் கிளம்பும். பல்லடம், மங்கலம் பக்கம் குடியிருந்தால் தறிச் சத்தம். ஆனாலும் வீட்டிலேயே பாடிப் பதிகிறவர்களும், காதர்பேட்டைத் துணிச் சரக்கை ரீல்ஸில் பேசி விற்கிறவர்களும் இங்கே பெருகிக்கொண்டே இருக்கிறார்கள். அவர்களை மனத்தில் வைத்து, ஏறத்தாழ பத்தாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் மூன்று கண்டென்சர் மைக்குகளை நிட்டிங் கம்பெனியை ஒட்டிய ஒரு வீட்டில் வைத்துச் சோதித்தேன்.

முதலாவது, ரூ.1,000-ஐ ஒட்டிய விலையில் பல பெயர்களில் விற்கும் பிஎம்-800 வகை. இரண்டாவது, ரூ.3,000 அளவில் வரும் ஃபிஃபைன் கே669பி. இது யூஎஸ்பி மைக். மூன்றாவது, ஆடியோ-டெக்னிகாவின் ஏடி2020. இதன் விலை ரூ.8,000 முதல் 10,000 வரை ஏறி இறங்குகிறது. இதைக் கம்ப்யூட்டரோடு இணைக்க இன்டர்ஃபேஸ் தனியாக வேண்டும் என்பதால் பெரிஞ்சரின் யூஎம்2 பெட்டியைச் சேர்த்துக்கொண்டேன்.

கண்டென்சர் மைக்கில் மிக மெல்லிய சவ்வு ஒன்று ஓர் உலோகத் தகட்டுக்கு நெருக்கமாக நிற்கிறது. இரண்டுக்கும் நடுவே மின்னூட்டம் இருக்கும். குரல் பட்டுச் சவ்வு அசையும்போது அந்த இடைவெளி மாறுகிறது, அதுவே மின்குறியாக வெளியே வருகிறது. 1916இல் வென்டே என்பவர் உருவாக்கிய முறை இது. 1962இல் பெல் ஆய்வகத்தில் கெர்ஹார்ட் செஸ்லரும் ஜேம்ஸ் வெஸ்ட்டும் மின்னூட்டத்தை ஒரு மெல்லிய படலத்துக்குள்ளேயே நிலையாகத் தங்கவைக்கும் எலெக்ட்ரெட் வழியைக் கண்டார்கள். இன்று மலிவு விலையில் வரும் கண்டென்சர்களில் பெரும்பாலானவை அந்த வழி வந்தவைதான்.

பிஎம்-800 வகையோடு 3.5 மி.மீ. பின் வைத்த வயர் ஒன்று தருவார்கள். அதைக் கம்ப்யூட்டரில் சொருகினால் மைக்குக்குப் போய்ச் சேர்வது சில வோல்ட் மட்டும். சத்தம் எழவில்லையே என்று வால்யூமை ஏற்றினால் குரலோடு சேர்ந்து 'ஸ்ஸ்' என்ற இரைச்சலும் ஏறிவிடுகிறது. அதே மைக்கை யூஎம்2 பெட்டியின் 48 வோல்ட் பேன்டம் பவரில் போட்டதும் வேறு மைக்கைப் போலப் பாடியது. ஆனால் மைக்கைவிடப் பல மடங்கு விலையுள்ள பெட்டியை வாங்கிய பிறகு இந்த மைக்கிலேயே நிற்பதில் அர்த்தமில்லை. கைத்தட்டலிலும் 'ச', 'ஸ' எழுத்துகளிலும் காதைக் குத்துகிறது. கடைக்குக் கடை உள்ளிருக்கும் சரக்கும் மாறுகிறது.

கே669பி-யை லேப்டாப்பில் செருகினால் வேலை முடிந்தது. ஆண்ட்ராய்டு போனுக்கு ஓடிஜி வயர் போதும். முன்பக்கத்தில் அளவைக் கூட்டிக் குறைக்கும் திருகு ஒன்று இருக்கிறது. ஹெட்போன் செருக இடம் கிடையாது, ஆகவே பாடும்போதே தன் குரலை மைக்கிலிருந்து நேராகக் கேட்க முடியாது. பேசுகிறவர்களுக்கு இது குறையே இல்லை. டிராக்கோடு சேர்ந்து பாடுகிறவர்கள் யோசித்து வாங்க வேண்டும். பேச்சுக் குரலில் தெளிவு நன்றாக இருக்கிறது, இந்த விலைக்கு இவ்வளவு கிடைக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

ஏடி2020-இன் அருமை பாட்டில்தான் தெரிந்தது. வள்ளிக்கும்மி சொல்லித்தரும் ஆசிரியர் ஒருவரைப் பாடச் சொன்னேன். 2024இல் கும்மிக் கலைஞர் பத்திரப்பன் ஐயாவுக்குப் பத்மஸ்ரீ வாங்கித்தந்த நாட்டுப்புறக் கலை அது. ஓங்கிப் பாடுகிற குரல், ஊடே கைத்தட்டு. 144 டெசிபல் வரை தாங்கும் மைக் என்பதால் தட்டு விழும் இடத்தில் ஒலி உடையவில்லை. அடிக்குரலில் இருந்த கரகரப்பும், அடி முடிகிற இடத்தில் அவர் மூச்சு வாங்குவதும் அப்படியே பதிந்தன. மற்ற இரண்டிலும் அந்த மூச்சு இரைச்சலுக்குள் முங்கிப்போனது.

கேட்டு முடித்ததும் அவர் கேட்ட கேள்வி: "ஏனுங்க, இன்னும் வெல கூடுன மைக் வாங்குனா மிஷின் சத்தம் வராதுங்களா?"

வரும். விலை உயர்ந்த மைக்குகளின் பெருமைகளில் ஒன்று, அவற்றின் சொந்த இரைச்சல் குறைவு என்பது. ஏடி2020-க்கு அது 20 டெசிபல், ரோடு நிறுவனத்தின் என்டி1-ஏ மைக்குக்கு 5 டெசிபல். 15 டெசிபல் வித்தியாசம் பெரிய விஷயம்தான், சத்தம் அடைத்த ஸ்டுடியோவில். நான் பதிந்த வீட்டில் நடு இரவிலும் போனில் உள்ள அளவுச் செயலி 35-க்குக் கீழே இறங்கவில்லை. அந்தச் செயலி துல்லியமானது இல்லை என்றாலும் நிலைமை புரிகிறது. மைக்கின் இரைச்சலைவிட வீட்டின் இரைச்சல் பெரிதாக இருக்கும்வரை, அதற்காக மேலே கொட்டுகிற பணம் காதுக்கு வந்து சேராது.

"சத்தமான வீடு என்றால் கண்டென்சர் வேண்டாம், டைனமிக் வாங்கு" என்றும் சொல்வார்கள். இதையும் சோதித்தேன். மேடைகளில் பார்க்கும் டைனமிக் மைக் ஒன்றையும் ஏடி2020-ஐயும் வாயிலிருந்து ஒரே தூரத்தில் வைத்து, குரல் ஒரே அளவில் கேட்கும்படி சமன்செய்து கேட்டால், பின்னணியில் மிஷின் சத்தம் ஏறத்தாழ ஒன்றுதான். டைனமிக்கை உதட்டோடு ஒட்டிப் பிடிக்கிறோம், கண்டென்சரை ஒரு முழம் தள்ளி வைக்கிறோம், வித்தியாசம் அங்கேதான் வருகிறது. தூரத்தைப் பாதியாக்கினால் குரல் சுமார் 6 டெசிபல் உயரும். மிஷின் சத்தம் எங்கோ இருந்து வருவதால் அது அப்படியே நிற்கும். ஒரு சாண் தூரத்துக்குள் வாயைக் கொண்டுவந்து, மைக்கின் முதுகை மிஷின் இருக்கும் சுவர்ப்பக்கம் திருப்பியபோது கே669பி-யிலேயே பதிவு கேட்கும்படி ஆனது. நெருங்கினால் குரல் கொஞ்சம் கனக்கும், எடிட்டிங்கில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட்டால் அந்தக் கனத்தில் கொஞ்சமும் மிஷினின் உறுமலில் ஒரு பகுதியும் போய்விடும்.

பக்கத்தில் பாடினால் 'ப'கரக் காற்று மைக்கில் அடிக்கும். அதற்கு நம் ஊரிலேயே மருந்து இருக்கிறது. ஸ்போர்ட்ஸ் டீ-ஷர்ட்டுக்குப் போடும் மெஷ் துணியில் ஒரு துண்டை எம்பிராய்டரி வளையத்தில் இழுத்து மாட்டி, மைக்குக்கு நான்கு விரல் முன்னால் நிறுத்துங்கள். சிங்கிள் ஜெர்சி வேண்டாம், குரலின் பளிச்சை அது தின்றுவிடுகிறது.

எதிரொலிக்கு ஃபிளீஸ். கிலோ கணக்கில் விற்கும் பிட் துணியில் 300 ஜிஎஸ்எம் அளவுள்ள ஃபிளீஸாகப் பார்த்து வாங்கி, மடிப்பு மடிப்பாக, சுவரோடு ஒட்டாமல் ஒரு சாண் தள்ளிப் பாடுகிறவரின் முதுகுப்பக்கமும் இரண்டு பக்கங்களிலும் தொங்கவிட்டேன். ஆயிரம் ஹெர்ட்ஸ் ஒலியலையின் நீளம் சுமார் 34 செ.மீ., அதில் கால்பங்கு தூரமாவது துணிக்குப் பின்னால் காற்று இருந்தால்தான் துணி முழுதாக வேலை செய்யும். ஃபிளீஸால் கிடைத்த முன்னேற்றம், ரூ.1,000 மைக்கிலிருந்து ரூ.10,000 மைக்குக்குப் போனதைவிடக் காதுக்குத் துலக்கமாக இருந்தது. ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்ல வேண்டும். ஃபிளீஸ் அறைக்குள் சுற்றும் எதிரொலியைத்தான் குடிக்கும், சுவர் வழியாக வரும் மிஷின் உறுமலை நிறுத்தாது. அதற்கு ஒரே வழி நேரம் பார்த்துப் பதிவதுதான். பெரும்பாலான பனியன் கம்பெனிகளுக்கு ஞாயிறு விடுமுறை, பாட்டை அன்றைக்கு வைத்துக்கொள்ளுங்கள். துணியைச் சுவிட்ச் போர்டுக்கும் விளக்குக்கும் அருகில் தொங்கவிடாதீர்கள், பருத்தி சட்டென்று தீப்பிடிக்கும்.

பஞ்சுத் தூசி இந்த ஊரில் தப்பாத ஒன்று. மின்னூட்டம் உள்ள சவ்வு அதை இழுத்துக்கொள்ளும். பதிந்து முடித்ததும் மைக்கைப் பையில் போட்டு, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பாக்கெட் ஒன்றையும் உள்ளே வைத்து மூடுங்கள்.

பேசி விற்பதற்கும் வகுப்பெடுப்பதற்கும் கே669பி போதும், மிச்சப் பணத்தை ஃபிளீஸில் போடுங்கள். பாட்டுதான் உங்கள் வேலை என்றால் ஏடி2020-உம் ஒரு சிறிய இன்டர்ஃபேஸும் வாங்குங்கள், பல வருடங்களுக்கு மாற்றத் தேவையிருக்காது. பிஎம்-800 வகையை வாங்க வேண்டாம். ஏடி2020-க்கு மேலுள்ள மைக்குகளைத் தேடுவது, மிஷின் சத்தம் எட்டாத ஓர் அறை உங்களுக்குக் கிடைத்த பிறகு செய்ய வேண்டிய வேலை.