உபதேசத்துக்கு விலை உண்டோ?

உபதேசத்துக்கு இத்துணை ரூபாயெனக் கட்டணம் விதிக்கும் வழக்கம் இக்காலத்துப் பரவிவருகின்றது. அதன் தகுதி ஆராயற்பாலது.

நீலகிரியில் 1923ஆம் ஆண்டு நாராயண குருகுலத்தைத் தொடங்கியவர் நடராஜ குரு. உதகையை அடுத்த பெர்ன்ஹில்லில் அது நிலைபெற்றது. அவர்தம் ஆசிரியராகிய நாராயண குரு, ஆலயத்துட் புகாவண்ணம் விலக்கப்பட்டோர் வழிபடும்பொருட்டு 1888இல் அருவிப்புறத்தே சிவலிங்கம் நிறுவியவர். பிறப்பென்னுஞ் சுவரை அவர் தகர்த்தார். உபதேசத்தை விற்போர், யாவராயினும், பணமென்னும் புதுச்சுவரை எழுப்புகின்றனர். குன்னூர்த் தேயிலைத் தோட்டத்திற் கொழுந்து பறிப்பாளொருத்தி அச்சுவரைக் கடத்தல் யாங்ஙனம்?

விலையின்றிப் பெறுவதை மாந்தர் மதியார் என்பர் விற்போர். அது பொருந்தாது. மலபரிபாகமும் சத்திநிபாதமும் எய்திய உயிர்க்கு இறைவனே குருவாய் எழுந்தருளுவன் என்பது சித்தாந்தத் துணிபு. ஆகவே உபதேசம் பெறுதற்குரிய தகுதி பக்குவமே, பணமன்று. அருள் சிவனுடைமையாதலின், அதனை விற்க ஆசிரியனுக்கு உரிமையுமில்லை.

ஆசிரியரும் உண்ணவேண்டுமே எனின், உண்மையே. மாணாக்கரின் உண்டிக்கும் உறையுளுக்கும் ஆகுஞ் செலவைப் பெறுதல் குற்றமன்று. தட்சிணையும் தொன்றுதொட்ட வழக்கே. ஆயின் தட்சிணையாவது மாணாக்கன் இயன்றதை அன்பால் அளிப்பது. விலையாவது ஆசிரியன் முன்னரே வரையறுத்துக் கேட்பது. இரண்டும் ஒன்றல்ல.

யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் 1848இல் சம்பளப் பணியைத் துறந்து, வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். அன்பர் ஈந்த பொருள் அதனைத் தாங்கிற்று. ஆசிரியர் விலை கூறலாகாதெனின், அன்பர் அவரைப் பசித்திருக்க விடுதலும் ஆகாது. குறை இருபாலும் உளது.