எழுத்தாகாத எழுத்து: கே.சி.எஸ். பணிக்கரின் அருவக் கலை

கே.சி.எஸ். பணிக்கர் (1911–1977) கோயம்புத்தூரில் பிறந்தவர். சென்னை அரசு ஓவியப் பள்ளியில் தேவிபிரசாத் ராய் சௌத்ரியிடம் பயின்று, அங்கேயே ஆசிரியராகி, 1957இல் முதல்வரானார். 1966இல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கினார். அவருடைய வெவ்வேறு காலத்து ஓவியங்களை ஒருசேரக் காண ஏற்ற இடம், திருவனந்தபுரம் அருங்காட்சியக வளாகத்தில் அவர் பெயரால் அமைந்த கூடம்.

கேரளத்து நீர்நிலைகளையும் தோப்புகளையும் நீர்வண்ணத்தில் தீட்டியே பணிக்கர் பெயர் பெற்றார். 1963 அளவில் தொடங்கிய ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசையில் அந்த நிழலும் ஒளியும் தூரமும் மறைந்துவிட்டன. தட்டையான பரப்பில் ஜாதகக் கட்டங்கள், எண்கள், வடிவியல் குறிகள், மலையாள எழுத்தைப் போன்று தோன்றினாலும் படிக்க முடியாத வரிகள். படிக்கப் பழகிய கண் வரியைத் தொடர்கிறது. பொருள் கிடைக்காதபோது கோட்டின் தடிமனையும் இடைவெளியையும் நெருக்கத்தையும் கவனிக்கத் தொடங்குகிறது. பணிக்கரின் பெரிய சாதனை இதுதான். ஐரோப்பிய அருவ ஓவியத்தை நகலெடுக்காமல், ஏட்டுச்சுவடியும் பஞ்சாங்கமும் பழகிய ஒரு சமூகத்தின் கைப்பழக்கத்திலிருந்தே அருவத்துக்கு அவர் வழி கண்டார்.

இந்த வரிசையை மினிமலிசம், அதாவது வேண்டாததைக் கழித்துக்கொண்டே போகும் கலை, என்று அழைப்பது பாதி உண்மையே. அதே ஆண்டுகளில் நியூயார்க்கில் மினிமலிசச் சிற்பி டொனால்ட் ஜட் கைத்தடம் தெரியாத உலோகப் பெட்டிகளைச் செய்துகொண்டிருந்தார். பணிக்கர் ஆழத்தைக் களைந்தாரே தவிர, கையின் நடுக்கத்தையும் வேகத்தையும் விடவில்லை. இந்தியாவில் கழித்தலைக் கடைசி எல்லை வரை கொண்டுசென்றவர் ஓவியர் நஸ்ரீன் மொகமதி. 1970களில் தாளில் மெல்லிய கோடுகள் மட்டுமே அவருக்குப் போதுமானவையாக இருந்தன. அவருக்கு அருகே வைத்தால் பணிக்கரின் பல படங்கள் நெரிசலாகத் தெரிகின்றன. குறிகள் மூலைமுடுக்கெல்லாம் நிறைந்து, எதுவும் தனித்து நிற்பதில்லை. வெளியை அதிகம் விட்ட படங்களே இன்றும் வலுவாக நிற்கின்றன.

இன்னொரு குறை அடிப்படையானது. ஜாதகம் பார்க்கத் தெரிந்தவருக்கு அந்தக் கட்டங்கள் கிரகமற்ற வெற்றுச் சட்டங்கள். தெரியாத அயலாருக்கோ அவை கீழைநாட்டு மர்மம். இந்தியத் தன்மை என்பது சில அடையாளங்களைச் சேர்த்தால் வந்துவிடும் என்ற எண்ணத்துக்கு இந்த வரிசை இடம்கொடுத்தது. பத்தாண்டுக்கு மேல் அதே சொற்களஞ்சியம் திரும்பத் திரும்ப வந்ததால் அது வாய்பாடாகவும் இறுகியது.

சிற்பத்தில் இந்தக் கோட்டு முறைக்கு வேறொரு பலன் கிடைத்தது. சோழமண்டலத்தின் பி.வி. ஜானகிராம் தாமிரத் தகட்டைத் தட்டி, அதன்மேல் கம்பிகளால் கோடு வரைந்தார்; பணிக்கரின் மகன் எஸ். நந்தகோபால் அதை மேலும் விரித்தார். சாமிக்குச் சாத்தும் கவசத்தைப் போல இவை முன்புறத்துக்காகவே செய்யப்பட்டவை. சுற்றிவந்து பார்க்கும் இன்பத்தை இழந்து, கோட்டின் செழுமையைப் பெற்றன. பணிக்கரின் மாணவர்களுள் ஒருவரான கானாயி குஞ்ஞிராமன் எதிர்த்திசையில் சென்றார். திருவனந்தபுரம் சங்குமுகம் கடற்கரையில் அவர் அமைத்த ‘சாகரகன்யகா’ சிற்பத்தைக் கோடு தாங்கவில்லை, திரட்சியே தாங்குகிறது. கூடத்துச் சுவரில் பணிக்கர் கைவிட்ட கனஅளவு அங்கே திறந்த வெளியில் மீண்டிருக்கிறது.