நிறம் போனால் நஞ்சு போயிற்றா?

அறிவியல் கண்காட்சிகளிலும் பத்திரிகைகளிலும் இந்தப் படத்தை நீங்கள் பார்த்திருக்கக் கூடும். இரண்டு முகவைகள். ஒன்றில் அடர்ந்த நீலக் கரைசல்; மற்றொன்றில் தெளிந்த நீர். நடுவே ஓர் அம்புக்குறி, அதன் மேல் சூரியன். "புதிய ஒளி வினையூக்கி ஒரே மணி நேரத்தில் மாசினை அழித்தது" என்று கீழே எழுதியிருக்கும்.

படம் அழகானதுதான். ஆனால் அது சொல்வது உண்மைதானா என்று ஆராய்ந்து பார்ப்போம்.

முதலில் ஒளி வினையூக்கி வேலை செய்யும் விதத்தைத் தெரிந்து கொள்வோம். இவற்றுள் பெயர் பெற்றது டைட்டேனியம் டை ஆக்சைடு. வெள்ளைப் பெயின்டில் கலக்கும் அதே தூள்தான். இது ஒரு குறைகடத்தி. இதன் அனட்டேஸ் வகையின் மேல் ஏறக்குறைய 387 நானோமீட்டருக்குக் குறைந்த அலைநீளமுள்ள புற ஊதாக் கதிர் பட்டால், ஓர் எலெக்ட்ரான் உயர்ந்த ஆற்றல் நிலைக்குத் தாவுகிறது. அது விட்டுச் சென்ற காலியிடத்தைத் 'துளை' என்பர். துளை நீருடன் வினைபுரிந்து ஹைட்ராக்சில் தனி உறுப்பு என்னும் கடும் வினைத்திறன் கொண்ட பொருளை உண்டாக்குகிறது. இதுவே கரிம மாசுகளைத் தாக்கிச் சிதைக்கிறது. 1972இல் ஃபுஜிஷிமா, ஹோண்டா என்ற ஜப்பானிய அறிஞர்கள், டைட்டேனியம் டை ஆக்சைடு மின்வாயில் ஒளியைப் பாய்ச்சி நீரைப் பிளக்க முடியும் என்று அறிவித்தனர். 1977இல் ஃபிராங்க், பார்ட் ஆகியோர் அதே பொருளைக் கொண்டு நீரிலுள்ள சயனைடைச் சிதைத்துக் காட்டினர். ஆகவே அடிப்படை உறுதியானது; அதில் நமக்கு ஐயமில்லை.

ஐயம் அந்த நீல நிறத்தின் மேல்தான். அது பெரும்பாலும் மெத்திலீன் நீலம் என்னும் சாயம். விலை மலிவு, நிறம் குறைவதை நிறமானியில் எளிதாக அளக்கலாம். ஆய்வாளர்கள் இதை விரும்புவதற்குக் காரணம் அதுவே. ஆனால் நிறம் மறைவது வேறு, பொருள் அழிவது வேறு.

உங்கள் பள்ளி ஆய்வகத்தில் 'நீலக்குப்பி' சோதனையைச் செய்திருக்கிறீர்களா? குளுக்கோஸும் சோடியம் ஹைட்ராக்சைடும் கலந்த கரைசலில் சில துளி மெத்திலீன் நீலம் சேர்த்துக் குப்பியை அசைக்காமல் வைத்தால் நிறம் மறைந்துவிடும். மூடிக் குலுக்கினால் காற்றிலுள்ள ஆக்சிஜன் கரைந்து நீலம் திரும்ப வரும். சாயம் எங்கும் போய்விடவில்லை. ஒடுக்கமடைந்து நிறமற்ற வடிவில் அங்கேயே இருந்தது! கண்ணை மட்டும் நம்பியிருந்தால், 'சாயம் அழிந்தது' என்றே முடிவு கட்டியிருப்போம்.

வேறு வழிகளிலும் நாம் ஏமாறலாம். தூளின் மேல் சாயம் ஒட்டிக்கொண்டாலே நீர் வெளுக்கும். இது புறப்பரப்புக் கவர்ச்சி; இதற்கு ஒளியே வேண்டாம். மேலும், சாயம் தானே ஒளியை உறிஞ்சிச் சிதையக் கூடும். சூரிய ஒளியில் புற ஊதாக் கதிர் நூற்றுக்கு ஐந்து பங்கு அளவே இருப்பதால், கண்ணுக்குப் புலப்படும் ஒளியிலும் வேலை செய்யும் வினையூக்கிகளைப் பலர் தேடுகின்றனர். அத்தகைய ஆய்வில் இந்தச் சாயத்தைச் சோதனைப் பொருளாகக் கொள்வது பொருந்தாது என்று ஓதானி உள்ளிட்ட ஜப்பானிய ஆய்வாளர்கள் 2006இலேயே எடுத்துக் காட்டினர். அதன் பிறகும் அதே நீல முகவைப் படம் வந்துகொண்டேயிருப்பது வருந்தத்தக்கது.

நிறம் உண்மையாகவே சிதைந்தது என்றே வைத்துக்கொள்வோம். மூலக்கூறின் நிறந்தரும் பகுதி மட்டும் உடைந்து, மீதித் துண்டுகள் நீரில் தங்கியிருக்கலாம். அவற்றுள் சில நஞ்சாகவும் இருக்கலாம். கரிமப் பொருள் முழுவதும் கார்பன் டை ஆக்சைடாகவும் நீராகவும் எளிய உப்புகளாகவும் மாறினால்தான் வேலை முடிந்தது என்று பொருள். இதை அறிய, நீரிலுள்ள மொத்தக் கரிமக் கார்பனின் அளவைக் காண வேண்டும்.

சாயக் கழிவால் துன்புற்ற நமக்கு இது வெறும் ஏட்டு வாதமன்று. நொய்யலாறு மாசடைந்த வழக்கில், 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டதை நாம் அறிவோம். பருத்தித் துணியில் சாயம் ஏற ஏராளமான உப்பும் சேர்க்கப்படுகிறது. உலகிலேயே சிறந்த ஒளி வினையூக்கியும் அந்த உப்பை அகற்றாது. நிறமற்ற அந்த நீரை வயலுக்குப் பாய்ச்சினால் பயிர் கருகும். மேலும், உண்மையான கழிவுநீரிலுள்ள பைகார்பனேட்டும் குளோரைடும் ஹைட்ராக்சில் தனி உறுப்புகளைப் பிடித்துக்கொள்கின்றன. கலங்கல் ஒளியை உள்ளே விடுவதில்லை. காய்ச்சி வடித்த நீரில் கிடைத்த வெற்றி கழிவுநீரில் அப்படியே கிடைக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

இத்துறையே பயனற்றது என்று நாம் சொல்லவில்லை. மற்ற முறைகளால் சிதையாத பூச்சிமருந்து, மருந்து எச்சங்களைச் சிறு அளவில் அழிக்க இது நல்ல கருவியாகலாம். ஆனால் அதற்கு நேர்மையான சோதனை வேண்டும்.

ஆகவே மாணவர்களே, அடுத்த முறை அந்த இரண்டு முகவைகளைப் பார்க்கும்போது நான்கு கேள்விகளைக் கேளுங்கள். இருட்டில் வைத்தபோது என்ன ஆயிற்று? வினையூக்கி இல்லாமல் ஒளியை மட்டும் காட்டியபோது என்ன ஆயிற்று? மொத்தக் கரிமக் கார்பன் எவ்வளவு குறைந்தது? எந்த நீரில் சோதித்தார்கள்? நான்கிற்கும் விடையிருந்தால் மனமாரப் பாராட்டுங்கள். இல்லையேல், நிறம் போயிற்று என்பதை மட்டும் ஒப்புக்கொள்ளுங்கள்.