துவைத்த அழுக்கு

டிவியில் 'பரதேசி' ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அப்பாயி கேட்டாள்: "ஏன்டா தம்பி, இவங்க ஊர்ல குளம் குட்டை ஒண்ணும் இல்லையா?"

எனக்கு அப்போது பாலா மேல் பெரிய மயக்கம். "பஞ்சம் பொழைக்கப் போற சனம் அப்பாயி. அந்தக் காலத்துல அப்படித்தான இருந்திருப்பாங்க" என்றேன். "நாங்களும் அந்தக் காலத்து ஆளுவதான்" என்று சொல்லிவிட்டு வெற்றிலையை மடித்துக்கொண்டாள். திருவையாற்றுப் பக்கம் நாற்பது வருடம் கூலிக்கு நடவு நட்டவள். அதற்குப் பிறகு எந்தப் படம் பார்த்தாலும் என் கண் முதலில் உடையில்தான் போய் நிற்கிறது.

'பரதேசி' 2013இல் வந்தது. உடை வடிவமைப்புக்காக பூர்ணிமா ராமசாமிக்குத் தேசிய விருது கிடைத்தது. தகுதியான விருதுதான். சாக்குத்துணி மாதிரியான அந்த முரட்டுத்தனம் பார்க்கிறவன் தோலிலேயே உறுத்தும். எனக்கு இடிப்பது அதன்மேல் ஏறியிருக்கும் அழுக்கு. ஆளுக்கு ஆள் மாறாமல் ஒரே நிறம், தலைப்பிலிருந்து கரைவரை ஒரே அளவு.

புதுத்துணியைப் பழசாக்குவது லேசுப்பட்ட வேலை கிடையாது. ஹாலிவுட்டில் இதற்கென்றே தனி ஆள் உண்டு, 'பிரேக்டவுன் ஆர்ட்டிஸ்ட்' என்பார்கள். முதலில் கஞ்சி போகத் துவைக்க வேண்டும். டீத்தண்ணியில் முக்கி வெள்ளையின் பளிச்சை அடக்க வேண்டும். முழங்கை, காலர், பை விளிம்பு என உரசும் இடங்களை உப்புத்தாளாலும் கம்பி பிரஷ்ஷாலும் தேய்க்க வேண்டும். பையில் கனமாக எதையாவது போட்டு ஈரத்தோடு தொங்கவிட்டால் தொய்வு வரும். மண்தூள், ஸ்பிரே எல்லாம் கடைசியில்தான். நம் ஊரில் பல படங்கள் இந்தக் கடைசி வேலையிலிருந்தே ஆரம்பித்துவிடுகின்றன என்று எனக்கு ஒரு சந்தேகம்.

நடவு வயலுக்கு வாருங்கள். சினிமாவில் நடவுப் பெண் என்றால் புடவையின் கீழ்க்கரையைச் சேற்றில் தோய்த்துவிடுவார்கள். ஆனால் வயலில் இறங்குகிறவள் முதலில் செய்வதே புடவையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகுவதுதான். கரை மேலே போய்விடும். சேறு படுவது செருகலுக்கு வெளியே தெரியும் துணியில், தொடைப்பக்கம். கையைத் துடைக்கிற இடுப்போரத்தில் ஒரு திட்டு. சாயங்காலம் கரையேறிப் புடவையை இறக்கிவிட்டால் நடுவில் சேறும் அதற்குக் கீழே சுத்தமான துணியுமாக இருக்கும். மேலே புருசனுடைய பழைய முழுக்கைச் சட்டை. நாள் முழுக்கக் குனிந்தே நிற்பதால் அதில் முதலில் வெளுப்பது முதுகு. மார்புப் பக்கம் நிறம் அப்படியே இருக்கும். தையலைப் பிரித்தால் கடையில் வாங்கிய அன்றைய நிறம் உள்ளே ஒளிந்திருக்கும்.

மண்ணும் முக்கியம். எங்கள் களிமண் காய்ந்தால் சாம்பல் பூத்துப்போகும். செம்மண் வேண்டுமென்றால் வல்லம் பக்கம் போக வேண்டும். காவிரிக் கதை என்று சொல்லிவிட்டுச் செம்மண் தூளை வேட்டியில் பூசினால் எங்களுக்குச் சிரிப்புத்தான் வரும். வாழைக்கறை இன்னொரு கதை. படும்போது தண்ணீர் மாதிரி இருக்கும், காய்ந்தால் கரும்பழுப்பு, எந்தச் சோப்புக்கும் அசையாது. தார் சுமக்கிறவரின் தோள்துண்டைப் பார்த்தே வேலையைச் சொல்லிவிடலாம். அந்தத் துண்டு தினமும் துவைத்த துண்டு என்பதும் சேர்ந்தே தெரியும்.

அப்பாயியின் கேள்வி இதைப் பற்றித்தான். அவளிடம் வயலுக்கு ஒன்று, வெளியே போக ஒன்று என்று இரண்டு புடவைதான் இருந்த காலமும் உண்டு. வேலை முடிந்ததும் வாய்க்காலில் இறங்கி, உடுத்தியதைக் கல்லில் அடித்து அலசாமல் வீட்டுக்கு வரமாட்டாள். ஏழ்மை என்றால் துவைக்காத துணி என்று காட்டும்போது படத்திலிருந்து வெட்டப்படுவது அவளுடைய அந்த ஒரு மணி நேரம்.

தஞ்சையில் இதற்கு வரலாறும் இருக்கிறது. பண்ணையாட்கள் முழங்காலுக்குக் கீழே வேட்டி இறக்கக் கூடாது, தோளில் துண்டு போடக் கூடாது. மீறினால் சவுக்கடி, சாணிப்பால். 1940களில் சீனிவாச ராவ் விவசாயச் சங்கம் கட்டியபோது எதிர்த்து நின்றது இவற்றையும்தான். சாணியைக் கரைத்து வாயில் ஊற்றிய ஊரில் சுத்தமான வேட்டி சாதாரண விஷயம் கிடையாது. அந்த மக்களை நிரந்தரமாக அழுக்கில் நிறுத்திவிட்டு அதை யதார்த்தம் என்று சொன்னால், அவர்கள் போராடி வாங்கியதைத் திரும்பப் பிடுங்குவது மாதிரி எனக்குத் தோன்றுகிறது.

பா. ரஞ்சித்தின் 'தங்கலான்' (2024) எனக்கு முழுசாகப் பிடித்த படம் என்று சொல்லமாட்டேன். இரண்டாம் பாதி அலைகிறது. ஆனால் பெண்கள் கைக்கு முதன்முதலாக ரவிக்கை வரும் இடம் இருக்கிறதே, அங்கே அதுவரை பார்த்த மண்ணும் புழுதியும் சட்டென்று வேறொன்றாகிவிடுகின்றன. இவர்களுக்குப் புதுத்துணி ஆசை இருந்தது என்பதை ஒரு படம் ஒத்துக்கொள்கிறது. மணிகண்டனின் 'கடைசி விவசாயி'யில் நல்லாண்டியின் வேட்டி இன்னும் அமைதியானது. பழுப்பேறியது, ஆனாலும் துவைத்தது. யாரோ இன்று காலை உடுத்திவிட்டு அனுப்பியதாக இல்லாமல் அவரே பல வருடமாகக் கட்டியதாகத் தெரிகிறது. அப்பாயி அந்தப் படத்தை முழுக்கப் பார்த்தாள். வேட்டியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நாற்று நடுகிற இடத்தில் மட்டும், "கொஞ்சம் நெருக்கி நட்டிருக்கலாம்" என்றாள்.